ஸ்டாம்ஃபர்ட் சாலை செங்கல் நூலகம்: கடைசி நாட்களில் போனவர்கள் சொல்லுங்கள்

பீடோக்காரன்:
2004 மார்ச் 31, சிங்கப்பூரின் பழைய தேசிய நூலகம் கதவை மூடிய நாள். அன்றைக்கோ அதற்கு முந்தைய வாரங்களிலோ போனவர்கள் இருந்தால் எழுதுங்கள். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். புத்தகம் எடுக்க வந்தவர்களைவிடப் படம் எடுக்க வந்தவர்கள்தான் அதிகம். வளைந்து ஏறும் அந்த மாடிப்படியில் தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பமே நின்றது. பின்னால் இருந்தவர்கள் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள். நம் ஊரில் சாப்பாட்டுக்குத்தான் அப்படி வரிசை பிடிப்பார்கள்!

தமிழ்ப் புத்தக அலமாரிப் பக்கம் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, கதையைப் புரட்டாமல், ஒட்டியிருந்த தேதிச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "என்ன ஐயா தேடுறீங்க?" என்றேன். "நான் எடுத்த தேதி எதுலயாவது இருக்கான்னு பாக்குறேன் தம்பி. முத்திரைல பேரா இருக்கும்? இருந்தாலும் பாக்குறேன்" என்றார். சீட்டில் ஊதா மையில் சாய்வும் நேருமாகக் குத்திய தேதிகள். சிலதில் ஆண்டே மங்கிப்போயிருந்தது.

ஒரு வேடிக்கை தெரியுமா? 1960 நவம்பர் 12-இல் அன்றைய நாட்டுத் தலைவர் யூசோஃப் இஷாக் திறந்துவைத்த காலத்தில் இந்தச் செங்கல் கட்டடத்தைப் பலருக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் அரும்பொருளகம் மாதிரி வெள்ளை வெளேர் கட்டடங்கள் இருக்க, இது மட்டும் பொருந்தாமல் நிற்கிறது என்று குறை சொன்னார்கள். அதே கட்டடத்தை இடிக்க வேண்டாம் என்றுதான் பிறகு ஊரே மனு போட்டது. அழகுக்காக யாரும் அழவில்லை என்பது என் கருத்து.

ஈசூன் அக்கா:
அண்ணே, நான் கடைசி நாளுக்குப் போகலை. மனசு வரலை. ஆனா சாதாரண நிலைத் தேர்வுக்கு (ஓ லெவல்) படிச்சது முழுக்க அங்கதான். வீட்டுல நாங்க ஆறு பேர், மூணறை வீடு, டிவி எப்பவும் ஓடும். சனிக்கிழமை கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல போய் நிப்போம். மேசை கிடைக்கலன்னா சுவரோரம் தரையில உக்காந்துடுவோம். மத்தியானம் எம்பிஎச் புத்தகக் கடைக்குள்ள போய், வாங்காம படிச்சுட்டு வருவோம். அங்க இருந்தவங்க பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுடுவாங்க.

தொழிலதிபர் லீ கோங் சியான் 1953-ல 375,000 வெள்ளி கொடுத்தப்போ ஒரு நிபந்தனை வெச்சார், நூலகம் எல்லாருக்கும் இலவசமா இருக்கணும், உள்ளூர் மொழிப் புத்தகங்களும் இருக்கணும்னு. தமிழ் அலமாரி அங்க வந்ததுல அந்த நிபந்தனைக்கும் பங்கு உண்டு. காசு கொடுத்தவரே அப்படிக் கேட்டதை நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கறதில்லை.

சாலைச் சுரங்கப்பாதைக்காக நூலகத்தை இடிக்கப் போறாங்கன்னு 1999-ல தெரிஞ்சதும் பத்திரிகைக்குக் கடிதமா குவிஞ்சுது. கட்டடக் கலைஞர் டே கெங் சூன் சும்மா புலம்பலை. சுரங்கப்பாதையை வேற மாதிரி கொண்டுபோனா நூலகத்தைக் காப்பாத்தலாம்னு 2000 ஜனவரியில மாற்றுத் திட்டமே வரைஞ்சு காட்டினார். மார்ச்ல நாடாளுமன்றத்துல முடிவைச் சொல்லிட்டாங்க: போகத்தான் வேணும். எனக்கு அதுதான் இன்னும் உறுத்துது. முடிவு எடுத்த பிறகு கருத்துக் கேட்டா அதுக்குப் பேரு என்ன?

தெம்பனிஸ் தம்பி:
அடிக்க வராதீங்க, எனக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் புதிய தேசிய நூலகம்தான் பிடிக்கும். 2005 ஜூலையில் திறந்ததும் போனேன், 16 மாடி. லீ கோங் சியான் பெயரிலேயே ஆய்வு நூலகம். தமிழ்ப் பழைய இதழ்கள், மலாயா காலத்துப் பதிப்புகள் என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். அக்கா சொன்ன மாதிரி தரையில் உட்கார வேண்டியதில்லை. நாடக மையமும் அதே கட்டடத்துக்குள் இருப்பதால் தமிழ் நாடகம் பார்க்கப் போகிற அன்றைக்கே புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய இடத்தில் இவ்வளவு சேகரிப்பை வைத்திருக்க முடியுமா?

சுரங்கப்பாதை விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. டெலிவரி வண்டி ஓட்டுகிறவன், தினமும் அந்த வழிதான். சுமார் 350 மீட்டர், பாட்டில் ஒரு சரணம் முடிவதற்குள் வெளியே வந்துவிடுவேன். இதற்காகவா என்று தோன்றும்.

ஆர்மேனியன் தெரு ரசிகை:
நான் நூலகம் இடிச்சப்போ தொடக்கப்பள்ளி. ஆனா அதே வட்டாரத்துல எனக்கும் ஒரு கதை உண்டு. ஆர்மேனியன் தெரு 45, சப்ஸ்டேஷன். பழைய துணை மின்நிலையத்தை 1990-ல கலை மையமா மாத்தினவர் நாடகாசிரியர் குவோ பாவ் குன். ஒரு நாடகத்துல ஹொக்கியன் பேசற சீனப் பாட்டியையும் தமிழ் பேசற தாத்தாவையும் சந்திக்க வெச்சு, மொழி தெரியாமலே தொலைஞ்ச பூனையைப் பத்திப் பேச வெச்சவர். என் முதல் கவிதை வாசிப்பு அந்த இடத்துலதான். தமிழ்ல வாசிச்சேன். புரியாதவங்கதான் அதிகம், ஆனா யாரும் எழுந்து போகலை. முடிஞ்சதும் ஒருத்தர் வந்து, "அந்த ரெண்டாவது வரியை மறுபடி சொல்லு, சத்தம் நல்லா இருந்துச்சு"ன்னார்.

2021-ல கட்டடத்தைப் புதுப்பிக்கணும், காலி பண்ணுங்கன்னாங்க. திரும்பி வரலாம், ஆனா பல குழுக்கள்ல ஒண்ணாத்தான்னு ஏற்பாடு. நிர்வாகக் குழு மார்ச்ல "மூடிடறோம்"னே அறிவிச்சுது. கலைஞர்கள் கொதிச்சு எழுந்த பிறகு, சொந்த இடம் இல்லாத அமைப்பாத் தொடர்வோம்னு மாத்திச் சொன்னாங்க. ஜூலையில காலி பண்ணியாச்சு.

தம்பி, நீங்க சொல்றது நூலகத்துக்குச் சரி. அங்க கட்டடம் போச்சு, நூலகம் வளர்ந்துச்சு. எங்களுக்கு நேர்மாறு. கட்டடத்தைப் பத்திரமா வெச்சிருக்காங்க, அதுக்குள்ள இருந்தவங்கதான் இல்லை. எதை இழப்புன்னு சொல்றதுன்னு ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

ஈசூன் அக்கா:
சத்தம் நல்லா இருந்துச்சுன்னாரா! அந்தக் கவிதையை இங்க போடும்மா.

பீடோக்காரன்:
தனிச்செய்தியில் கேட்டவருக்கு: ஆமாம், நுழைவாயில் தூண்கள் இரண்டும் மேலாண்மைப் பல்கலைக்கழகப் பக்கம், சுரங்கப்பாதை வாய்க்கு அருகில் இன்னும் நிற்கின்றன. பழைய செங்கற்களில் கொஞ்சத்தை விக்டோரியா ஸ்திரீட் கட்டடத்தில் பதித்திருக்கிறார்கள், அங்கே ஊழியரிடம் கேட்டால் காட்டுவார்கள். பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் தயங்காமல் போடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.