வடக்கு எங்கே என்றால் கூரையைக் காட்டுகிறார்கள்

மூன்றாம் வகுப்பு ஆசிரியை, திருவையாறு:
சுவரில் தமிழ்நாடு வரைபடத்தை மாட்டித்தான் திசை சொல்லிக்கொடுத்தேன். நேற்று ஒரு பையன் எழுந்து, "கன்னியாகுமரிதானே டீச்சர் கீழே இருக்கு, அப்புறம் காவிரி ஏன் அங்கே போகாம பூம்புகாருக்குப் போகுது?" என்றான். வடக்கு எங்கே என்றால் பாதி வகுப்பு கூரையைக் காட்டுகிறது. எப்படிப் புரியவைப்பது?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அருமையான கேள்வி கேட்டிருக்கிறான், அம்மா. படத்தைக் கழற்றித் தரையில் விரியுங்கள். காலையில் சூரியனைப் பார்த்து நிற்கவைத்தால் இடக்கைப் பக்கம் வடக்கு. படத்தின் மேல்விளிம்பு அந்தப் பக்கம் இருக்கட்டும். சுவரில் தொங்கும்வரை வடக்கு கூரையில்தான் இருக்கும்.

இன்னொரு டீச்சர்:
காவிரிக்கு ஈரமணல் போதும். தாம்பாளத்தில் மேற்கே குடகு மலையைக் குவித்து, கிழக்கே சரிவாகத் தட்டிவிடுங்கள். தலைக்காவிரியில் சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அது கிழக்கேதான் ஓடும். கொள்ளிடம் எங்கே என்று என் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். காவிரியிலிருந்து அது பிரியும் முக்கொம்பைக் காட்டியதும் விரலாலேயே வாய்க்கால் கீறிவிட்டாள்!

கேட்ட ஆசிரியை:
இன்று படத்தைத் தரையில் விரித்தேன், ஐயா. அந்தப் பையன் சுற்றிச்சுற்றி நடந்தான். பிறகு திருவையாற்றில் ஒரு விரலை வைத்து, ஆற்றோடு கிழக்கே நகர்த்தி, "கும்பகோணம், எங்க மாமா வீடு இந்தப் பக்கம்" என்று ஜன்னலைக் காட்டினான். சரியான திசை! நாளை மணல்.