சிறைக்குப் போய் வந்தவரை வேலைக்கு எடுக்கலாமா?

பனியன் கம்பெனி (திருப்பூர்)
எங்கள் யூனிட்டில் செக்கிங், பேக்கிங் இரண்டுக்கும் ஆள் எடுக்கிறோம். வந்தவர்களில் ஒருவர், நாற்பது வயதுக்குள் இருப்பார், நாங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார்: அடிதடியில் ஒருவர் கையை ஒடித்த வழக்கில் மூன்று வருடம் தண்டனை, கோவை மத்திய சிறை, உள்ளே தறியில் வேலை. துணியைக் கொடுத்துப் பார்த்தேன், பழகிய கை என்று உடனே தெரிந்தது. பார்ட்னர் வேண்டவே வேண்டாம் என்கிறார். எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மலர் எச்.ஆர்.
வேண்டாம் சார். உங்கள் யூனிட்டில் பாதிக்கு மேல் பெண்கள்தான் இருப்பார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வேனில் போகிறவர்கள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிற வெளியூர்ப் பிள்ளைகள். ஏதாவது நடந்துவிட்டால் "தெரிந்தேதானே சேர்த்தாய்?" என்று அவர்களைப் பெற்றவர்கள் கேட்பார்கள். என்ன பதில் சொல்வீர்கள்?

2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் காரில் ஏறிய பெண்ணை அந்த டிரைவரே பாலியல் வன்கொடுமை செய்தார். அவர் மேல் முன்பே வழக்குகள் இருந்தன. ஒருவராவது ஒழுங்காக விசாரித்திருந்தால் அவர் கையில் ஸ்டியரிங் போயிருக்காது. சரிபார்ப்பு என்பது யாரையும் அவமானப்படுத்த வந்ததல்ல.

விடியல்72
மேடம், அந்த டிரைவர் காட்டிய நன்னடத்தைச் சான்றிதழே போலி. குற்றத்தை மறைத்துப் போலிக் காகிதம் நீட்டியவரையும், கேட்பதற்கு முன்பே உண்மையைச் சொன்ன இந்த மனிதரையும் எப்படி ஒரே வரிசையில் நிறுத்துகிறீர்கள்? இவரை இன்று திருப்பி அனுப்பினால், அடுத்த கம்பெனியில் வாயே திறக்க மாட்டார்.

இன்னொன்று. புழல், வேலூர், கோவை, பாளையங்கோட்டை என்று சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது. தண்டனைக் கைதிகள் பெட்ரோல் போட்டுப் பணம் வாங்கிக் கல்லாவில் வைக்கிறார்கள். 2023ல் புழலில் பெண் கைதிகளுக்கென்றே ஒன்று திறந்தார்கள். தண்டனை முடியாதபோதே கல்லாவை நம்பிக் கொடுக்கிற அரசாங்கம், தண்டனை முடிந்து வந்தவருக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இது எந்த ஊர் நியாயம்?

மலர் எச்.ஆர்.
பங்க்கில் பக்கத்திலேயே வார்டர் நிற்பார். நன்னடத்தை பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆட்கள் அவர்கள். என் யூனிட்டில் வார்டர் கிடையாது. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் என்றால் எல்லா ஊழியருக்கும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்று 2020 போக்சோ விதிகளே சொல்கின்றன. பலவீனமான நிலையில் இருப்பவர்கள் நடுவே ஆளை விடும்போது பின்னணி பார்ப்பது கடமை என்று சட்டமே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

நெல்லை வக்கீல்
இருவருமே வழக்கு, கைது, தண்டனை மூன்றையும் ஒன்றாகப் பேசுகிறீர்கள். பிரச்சினையின் வேரே அதுதான்.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. நம் மாநிலத்தில் 1982 குண்டர் சட்டமும் இருக்கிறது, தண்டனையே இல்லாமல் ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆக "ஜெயிலுக்குப் போனவன்" என்ற பேச்சில் பாதிக்கு மேல் ஆட்கள் எந்தக் கோர்ட்டாலும் குற்றவாளி எனச் சொல்லப்படாதவர்கள்.

அரசு வேலையில் நிலைமை இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே தமிழ்நாடு காவலர் பணி விதி கருதுகிறது. உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008ல் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2016ல் அவதார் சிங் வழக்கில் கொஞ்சம் நிதானம் காட்டியது: வழக்கை மறைத்தால் வேலையைப் பறிக்கலாம், ஆனால் சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கு என்றால் மறைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதே தீர்ப்பில், உண்மையைச் சொன்னவரையும் எடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1974லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால் பல பழைய தண்டனைகளைச் சொல்லத் தேவையில்லை, குழந்தைகளோடு பழகும் வேலை போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு. நம் நாட்டில் சிறார் நீதிச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு. பெரியவர்களுக்குப் பொதுவாக எதுவும் இல்லை. ஐம்பது வருடமாக நமக்கு இது தோன்றவில்லை என்பது எனக்கு வருத்தம்.

விடியல்72
வக்கீல் சார் சொன்னது எங்கள் வீட்டில் நடந்தது. ஊர்த் திருவிழாத் தகராறில் எதிர்க் கோஷ்டி கொடுத்த புகாரில் என் தம்பி பெயரையும் சேர்த்துவிட்டார்கள், கொலை முயற்சி என்று. ஜாமீன் கிடைக்கத் தாமதமாகி உள்ளே இருந்தான். கடைசியில் விடுதலை. அவனுக்குத் தெரிந்த தொழில் வண்டி ஓட்டுவது. ஒரு கூரியர் கம்பெனியில் சேர்ந்தான், வேலையில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் யாரோ கோர்ட் வெப்சைட்டில் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். மறுநாளே வரவேண்டாம் என்றார்கள். தீர்ப்பு நகலை நீட்டினான், வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

பனியன் கம்பெனி (திருப்பூர்)
விடுதலையானவர் பெயரையாவது இணையத்திலிருந்து எடுக்க முடியாதா?

நெல்லை வக்கீல்
ஒருவர் முயன்றார். 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024ல் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. அந்த உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் "உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா?" என்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். "தண்டனை பெற்றிருக்கிறீர்களா, எந்தக் குற்றத்துக்கு, எந்த வருடம்?" என்று கேளுங்கள். அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு உண்டா என்று பாருங்கள். பண மோசடிக்குத் தண்டனை பெற்றவரைக் காசாளர் ஆக்க வேண்டாம், சரி. கை ஒடித்தவர் டேபிளில் துணியைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

மலர் எச்.ஆர்.
டேபிளில் பக்கத்தில் உட்காருவதும் மனிதர்தானே, வக்கீல் சார். கோபத்தில் கை ஒடித்தவர் என்பதை நான் சின்ன விஷயமாக எடுக்க மாட்டேன். ஆனாலும் தானாக வந்து சொன்னார் என்பதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். வெளியே வந்தபின் எங்கே வேலை பார்த்தார், அங்கே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நேரில் விசாரித்துவிட்டு எடுங்கள். வேன் டிரைவர், ஹாஸ்டல் காவல் இந்த இரண்டு வேலைக்கும் மட்டும் வழக்கு உண்டா என்ற பழைய கேள்வியே இருக்கட்டும். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

விடியல்72
அப்படியென்றால் என் தம்பி எந்தக் கம்பெனியிலும் வேன் ஓட்டவே முடியாது மேடம். கோர்ட்டே விடுதலை செய்தவனை நீங்கள் இன்னொரு முறை விசாரிக்கிறீர்கள்.

மலர் எச்.ஆர்.
முடியாது என்று நான் சொல்லவில்லை தம்பி. கேட்பேன் என்றுதான் சொன்னேன். தீர்ப்பு நகலைக் கொண்டு வந்தால் முழுக்கப் படிப்பேன். சாட்சிகள் பயந்து பின்வாங்கியதால் விடுதலையா, அந்த இடத்திலேயே அவர் இல்லை என்பதால் விடுதலையா என்பது அதில் இருக்கும். படிக்காமல் அனுப்பியது அந்தக் கூரியர்க்காரர்கள் செய்த அநியாயம். படிக்காமல் எடுக்கச் சொல்லாதீர்கள்.