வெளிநாட்டு வைரஸ் நம்ம பக்கம் வருவது கொசு வழியாகவா, ஆள் வழியாகவா?

கோட்டையூர் வள்ளி:
அடுத்த மாதம் எங்கள் வீட்டில் படைப்பு, முன்னோருக்குச் செய்யும் வழிபாடு. மலேசியா, சிங்கப்பூரிலிருந்து பங்காளிகள் வருகிறார்கள். தெருவில் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன, மழை பெய்தால் முற்றத்தில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. 1947-ல் உகாண்டாவில் கண்டுபிடித்த ஜிக்கா வைரஸ் 2021-ல் கேரளா வரை வந்துவிட்டதே, எப்படி? ஊரணியைத் தூர்வாரினால் போதும் என்கிறார்கள் வீட்டில். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

லேப் சேகர்:
ஆள்தான் கொண்டுவருகிறார் ஆச்சி, கொசு இங்கே தயாராக இருக்கிறது. ஜிக்கா, டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஆயுள் முழுக்கப் பறந்தாலும் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். காய்ச்சல்காரர் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் வைரஸ் இருக்கும், அப்போது அவரைக் கடிக்கிற உள்ளூர்க் கொசுவின் உடம்பில் அது பல நாள் பெருகி எச்சிலுக்கு வந்த பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போகும்.

கொசுவும் கடல் தாண்டியிருக்கிறது. ஏடிஸ் ஈஜிப்தி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் அமெரிக்கா போனது, மஞ்சள் காய்ச்சலும் கூடவே போனது. அதன் பங்காளியான புலிக்கொசு, அதாவது ஏடிஸ் அல்போபிக்டஸ், பழைய டயர்களில் முட்டையாக ஒட்டிக்கொண்டு போய் 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பரவியிருப்பது தெரிந்தது, 1990-ல் இத்தாலியிலும். அப்புறம் 2005-06-ல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா வைரஸின் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது. அதோடு புலிக்கொசுவுக்குள் அது நன்றாகப் பெருக ஆரம்பித்தது, தீவு மக்களில் மூன்றில் ஒருவர் படுத்துவிட்டார். 2007-ல் கேரளா போய்வந்த ஒருவர் காய்ச்சலோடு இத்தாலியில் ஒரு கிராமத்துக்குப் போக, அந்த வட்டாரத்தில் 200 பேருக்கு மேல் வந்தது. அங்கே புலிக்கொசு இல்லாதிருந்தால் அவர் ஒருவரோடு முடிந்திருக்கும்.

பள்ளத்தூர் விவசாயி:
ஊரணியைத் தூர்வாருங்கள், நல்ல காரியம். ஆனால் டெங்கு, சிக்குன்குனியா கொசு ஊரணியைத் தேடிப் போகாது, வீட்டுப் பாத்திரத்துத் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். வயலில் பெருகுவது கியூலெக்ஸ் என்ற வேறு கொசு. கொக்கு, பன்றியிடமிருந்து ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவது அந்த இனம்தான், 1955-லேயே வேலூர்ப் பக்கம் கண்டறிந்தார்கள். 1999-ல் நியூயார்க்கில் காக்கைகளைக் கொன்ற வெஸ்ட் நைல் வைரஸைப் பரப்பியதும் கியூலெக்ஸ் இனம்தான். பகலில் கடிக்கிற ஏடிஸையும் ராத்திரி கடிக்கிற கியூலெக்ஸையும் ஒரே சாயங்காலப் புகையால் விரட்டலாம் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கானாடுகாத்தான் முத்து:
பூட்டின வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை ஆச்சி. முற்றம் பெரும்பாலும் வடிந்துவிடும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கவிழ்க்காமல் விட்ட கிடாரம், ஆட்டுக்கல் குழி, மாடியில் உடைந்த ஜாடி, இவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள், கொசுப்புழு நெளியும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஈரப்பக்கத்தில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகளாக முட்டை ஒட்டியிருக்கும், காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிந்துவிடும். தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.

கோட்டையூர் வள்ளி:
சரி தம்பி, பக்கத்து வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்குகிறேன். வருகிறவர்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால்?

லேப் சேகர்:
பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொல்லுங்கள், முதல் ஒரு வாரம் அதுதான் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகும்போது எந்த ஊரிலிருந்து, என்றைக்கு வந்தார் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், எந்த வைரஸுக்குப் பரிசோதிப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.