9 எம்எம் ரீலோடு, கோட்டிங் போட்ட வார்ப்பு புல்லட்: கேஜ்ல உக்காருது, பேரல்ல சுத்த மாட்டேங்குது

பித்தளைப்பெட்டி:
வணக்கம் எல்லாருக்கும். 9 எம்எம் லூகருக்கு ஜாக்கெட் (செம்பு உறை போட்ட) புல்லட் வச்சு ரீலோடு, அதாவது சுட்ட கேஸ்ல திரும்ப தோட்டா செய்யறது, பண்ணிட்டிருந்தேன், அதுல ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப பவுடர் கோட்டிங் போட்ட ஈய வார்ப்பு புல்லட்டுக்கு மாறலாம்னு ஆரம்பிச்சிருக்கேன், ரவுண்ட் நோஸ், 124 க்ரெய்ன், கோட்டிங் போட்டப்புறம் 0.356 இன்ச்சுக்கு சைஸ் பண்ணது. மொத்த நீளம் ஜாக்கெட்டுக்கு வச்ச அதே 1.150 தான். ப்ரைமர், பவுடர் எதுவும் இல்லாம டம்மியா கொஞ்சம் செஞ்சு, பேரல கழட்டி சேம்பருக்குள்ள (பேரல்ல தோட்டா உக்காரற அறை) விட்டுப் பாத்தேன். சிலது முக்கால்வாசி போய் நிக்குது, கட்டைவிரலால அழுத்தினா போகுது, ஆனா பேரல கவுத்தா விழல. சிலது உள்ள போயிடுது ஆனா சுத்தினா சுத்தல. குழப்பம் என்னன்னா இதே ரவுண்டெல்லாம் கேஸ் கேஜ்ல, அதாவது அளவு பாக்குற ஓட்டை அச்சுல, போட்டா அழகா உக்காருது. கேஜ் ஓகேங்குறத பேரல் ஏன் வேணாங்குது? க்ரிம்ப் (கேஸ் வாய இறுக்கி மூடறது) கூட்டணுமா இல்ல நீளத்த குறைக்கணுமா?

ஈயச்சட்டி:
ப்ரோ, கேஜ கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. நீங்க சுடப்போறது அந்த பேரல்ல, அதனால அது சொல்றதுதான் தீர்ப்பு. கேஸ் கேஜ் பாக்குறது கேஸோட அளவ மட்டும்தான், கேஸ் வாய்க்கு முன்னாடி புல்லட் நீட்டிட்டிருக்கிற இடம் பெரும்பாலான கேஜ்ல சும்மா ஓட்டையா இருக்கும், ரைஃப்ளிங் (பேரல் உள்ள இருக்கிற முறுக்கு வரி) எதுவும் கிடையாது. பேரல்ல அப்படி இல்ல, சேம்பர் முடிஞ்ச கையோட ரைஃப்ளிங் சரிவு ஆரம்பிச்சிடும், சில பேரல்ல அது ரொம்பவே கிட்ட இருக்கும், சிஇசட் பிஸ்டல் வச்சிருக்கறவங்க இத அடிக்கடி சொல்லுவாங்க. வார்ப்பு புல்லட்டோட தோள்பட்டை ஜாக்கெட் விட தடியா, முழு அளவுலயே கேஸ் வாயத்தாண்டி கொஞ்ச தூரம் வரும், அதுக்கு மேல கோட்டிங் வேற. புல்லட் சைசிங் டை பக்கவாட்ட சரி பண்ணுமே தவிர மூக்கு வளைவு மேல இருக்கிற கோட்டிங்க ஒண்ணும் பண்ணாது. அதனால ஜாக்கெட்டுக்கு சரியா இருந்த 1.150ங்குற நம்பர் இந்த புல்லட்டுக்கு ஒண்ணுமே சொல்லல.

இப்பவே எதையும் மாத்தாதீங்க, முதல்ல எங்க உரசுதுன்னு பாருங்க. கருப்பு மார்க்கர் எடுத்து டம்மியோட புல்லட், கேஸ் ரெண்டையும் முழுசா பூசி காயவிட்டு, சேம்பருக்குள்ள விட்டு லேசா அழுத்தி கொஞ்சம் திருப்பி வெளிய எடுங்க. புல்லட் தோள்ல சம இடைவெளியில சின்ன சின்ன கீறல் இருந்தா அது ரைஃப்ளிங், நீளம் ஜாஸ்தி. கேஸ் வாய்கிட்ட வளையமா மை போயிருந்தா ஃப்ளேர், அதாவது புல்லட் இறங்க வாய விரிச்சது, முழுசா மூடல. கேஸ் நடுவுல ஒரு பக்கம் மட்டும் போயிருந்தா புல்லட் சாய்ஞ்சு இறங்கியிருக்கு. சுத்தி முழுக்க போயிருந்தா அந்த கேஸ் சுவர் தடிப்பு, இல்ல புல்லட் தடிப்பு. அடிப்பக்கம் போயிருந்தா கேஸ் சைசிங் டை போதுமான அளவு கீழ இறங்கல. இது எல்லாத்துக்கும் பேரல் ஒண்ணேமாதிரிதான் "போகல"ன்னு சொல்லும், ஆனா வைத்தியம் ஒவ்வொண்ணுக்கும் வேற.

சீக்கிரம்_முடி:
இதுக்கு போய் மார்க்கர் எல்லாம் எதுக்கு, 1.100க்கு இறக்கிட்டா எல்லாம் உள்ள போயிடும். இல்லன்னா க்ரிம்ப நல்லா இறுக்கு.

காலிப்பர்காரன்:
இந்த ரெண்டு யோசனையும் அப்படியே யாரும் எடுத்துக்காதீங்க. 9 எம்எம் கேஸ் ரொம்ப சின்னது, புல்லட்ட உள்ள தள்ளத் தள்ள பவுடருக்கு இருக்கிற இடம் குறையும், ப்ரஷர் ஏறும், சின்ன மாத்தத்துக்கே நல்லா ஏறும். நீளத்த குறைக்கணும்னு முடிவானா குறைங்க, தப்பில்ல, ஆனா பழைய பவுடர் அளவோட குறைக்காதீங்க, ரீலோடிங் மேனுவல்ல அந்த புல்லட்டுக்கு போட்டிருக்கிற ஆரம்ப அளவுல இருந்து திரும்ப ஏறி வரணும். மேனுவல்ல உள்ளதவிட சின்ன நீளத்துக்கு இறங்க வேண்டியிருந்தா இன்னும் ஜாக்கிரதை.

க்ரிம்ப் விஷயம். 9 எம்எம் சேம்பர்ல கேஸ் வாய் விளிம்புலதான் நிக்குது, அங்க நடக்கறது டேப்பர் க்ரிம்ப், அதோட வேலை ஃப்ளேர எடுக்கறது மட்டும்தான். வாய்கிட்ட அளந்தா அதிகபட்சம் 0.380, நான் 0.378ல இருந்து 0.380க்குள்ள வச்சிருக்கேன். அதவிட இன்னும் சின்னதா இறுக்கினா கேஸ் வாய் கோட்டிங்க வெட்டும், உள்ள இருக்கிற ஈயம் சுருங்கும், 0.356னு போட்ட புல்லட் 0.354 ஆகி பேரல் பள்ளத்த அடைக்காம வாயு பக்கவாட்டுல கசிஞ்சு ஈயம் ஒட்டும். அப்புறம் கோட்டிங் சரியில்லன்னு கோட்டிங்க திட்டுவோம். சந்தேகமா இருந்தா ஒரு டம்மிய சுத்தியல் புல்லர்ல போட்டு தட்டி புல்லட்ட வெளிய எடுத்து அளந்து பாருங்க. கோட்டிங் அறுந்து ஈயம் பளபளன்னு தெரிஞ்சா க்ரிம்ப் ஜாஸ்தி, மங்கலா ஒரு கோடு மட்டும் இருந்தா பரவால்ல.

பித்தளைப்பெட்டி:
மார்க்கர் போட்டு பாத்தேன், ரெண்டு தனித்தனி பிரச்சனை இருக்கு போல. உள்ள போயும் சுத்தாம இருந்ததுல புல்லட் தோள சுத்தி 6 சின்ன கீறல், என் பேரல்லயும் 6 ரைஃப்ளிங்தான். முக்கால்ல நிக்கறது வேற கதை, கேஸ் வாய் விளிம்புல கோட்டிங் மெல்லிசா சுருளா சீவி நிக்குது, நகத்தால எடுத்தா நூல் மாதிரி கையோட வருது. அத எடுத்துட்டு போட்டா ரவுண்ட் உள்ள போகுது, ஆனா அதுவும் சுத்தல.

ஈயச்சட்டி:
ரொம்ப நல்லது, இனிமே கண்ணமூடிட்டு மாத்த வேண்டியதில்ல. அந்த சுருள் விஷயம் முக்கியம், கேஸ் வாய் போய் உக்கார வேண்டிய படியில கோட்டிங் போய் உக்காந்துக்குது, அதனாலதான் ரவுண்ட் முழுசா இறங்கல. அத நகத்தால எடுத்துட்டு சுடறது வழியில்ல, ஏன்னா சீவின இடத்துல புல்லட் மேல ஈயம் திறந்து கிடக்கும். ஃப்ளேர கொஞ்சம் கூட்டுங்க, புல்லட்ட வாயில வச்சா அது கொஞ்சம் உள்ள இறங்கி நேரா நிக்கணும், சாயக்கூடாது. இன்னொண்ணு கேக்கறேன், புல்லட் இறக்கறதும் க்ரிம்பும் ஒரே டைலயா பண்றீங்க? அப்படின்னா பிரிச்சிடுங்க. புல்லட் இன்னும் இறங்கிட்டிருக்கும்போதே வாய் மூட ஆரம்பிச்சா கண்டிப்பா சீவும், ஜாக்கெட் தாங்கும், கோட்டிங் தாங்காது.

அது சரியானப்புறம் நீளத்துக்கு வாங்க. சேம்பர துடைச்சு சுத்தம் பண்ணிட்டு, ஒரு டம்மிய வேணும்னே நீளமா வச்சு கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க, ஒவ்வொரு தடவையும் பேரல்ல விட்டு பாருங்க. டொக்குனு விழணும், கேஸ் அடி பேரல் நாக்கோட (சேம்பருக்கு மேல பின்னாடி நீட்டிட்டிருக்கிற பகுதி) சமமா நிக்கணும், தடையில்லாம சுத்தணும், கவுத்தா தானா விழணும், இந்த நாலும் சேந்தாதான் பாஸ். பாஸ் ஆன நீளத்துல இருந்து 0.015 இன்ச் இன்னும் குறைச்சு வேலை நீளமா வைங்க, கோட்டிங் தடிப்பு புல்லட்டுக்கு புல்லட் மாறும், அந்த வித்தியாசத்துக்கு இடம் வேணும். அப்புறம் வேற வேற கம்பெனி கேஸ்ல சில டம்மி செஞ்சு அதையும் போட்டு பாருங்க, மேகசின்லயும் ஏத்தி இறக்கி பாருங்க.

காலிப்பர்காரன்:
ஒண்ணு விட்டுப்போச்சு. டம்மி மூக்க மர மேசையில வச்சு கட்டைவிரலால நல்லா அழுத்தி, அழுத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நீளம் அளங்க. புல்லட் உள்ள நகர்ந்தா கேஸ் பிடி பத்தல, அதுக்கு க்ரிம்ப் மருந்து இல்ல, விரிக்கிற ப்ளக் ஜாஸ்தியா விரிக்குதான்னு பாக்கணும்.

பித்தளைப்பெட்டி:
ஒரே டைலதான் பண்ணிட்டிருந்தேன் அண்ணே, பிரிச்சிட்டேன், சுருள் நின்னுடுச்சு. 1.095ல சுத்துது, தானா விழுது, அதனால 1.080. மேனுவல்ல இந்த புல்லட்டுக்கு 1.075 போட்டிருக்கு, ஆரம்ப அளவுல இருந்தே ஏறிக்கறேன். ப்ரைமர் பவுடர் போட்டப்புறமும் ஒவ்வொண்ணையும் பேரல்ல விட்டு பாக்கணுமா?

ஈயச்சட்டி:
புது புல்லட்டோட முதல் லாட்ட முழுசா பாருங்க, அப்புறம் லாட்டுக்கு சிலது போதும், போட்டிக்கு எடுத்துட்டு போறத மட்டும் எல்லாத்தையும். ஆனா கழட்டின பேரல்ல மட்டும்தான், துப்பாக்கிய பூட்டி ஸ்லைட விட்டு செக் பண்ணவே கூடாது. மாட்டிக்கிட்ட ரவுண்ட தட்டி எடுக்காதீங்க, கையால இழுத்தா வரணும். ஃபெயில் ஆனத தனி டப்பால போட்டு எழுதி வைங்க, அப்புறம் பிரிச்சு எடுத்துக்கலாம்.