ஆன்டலோப் கேன்யன்: பெரியவர்களோடும் குழந்தைகளோடும் போய் வந்தவர்கள் சொல்கிறோம்

சாண்ட்லர் மகன்:

ஆன்டலோப் கேன்யனில் அப்பர் பகுதியா லோயர் பகுதியா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, கூட வருபவர்களில் யாருக்கு முழங்கால் வலி என்றுதான். அதற்குப் பதில் தெரிந்தால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி. படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், படத்தில் இரண்டும் அழகாகத்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் வடக்குக் கோடியில் பேஜ் என்ற ஊர். அதை ஒட்டி, அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் நிலத்தில், ஒரே ஓடை மணற்பாறையை அறுத்து உண்டாக்கிய இடுக்குகள்தான் அப்பர் ஆன்டலோப்பும் லோயர் ஆன்டலோப்பும். 1997 முதல் நவாஹோ வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. நாமே காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கும் இடம் இல்லை, முன்பதிவு செய்துதான் போக வேண்டும். தேசியப் பூங்கா பாஸ் இங்கே செல்லாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தபோது போனோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். லோயரில் செங்குத்தான இரும்பு ஏணிகள் இருப்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பரில் தரை சமமாக இருக்கும், அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். மணல் ஓடைப் படுகையில் அவர்கள் வண்டியிலேயே வாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள். குலுங்கிக் குலுங்கித்தான் போகும், முதுகுவலிக்காரர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. கோவிட் சமயத்தில் மூடி 2021-ல் திறந்த பிறகு அப்பர் ஒருவழிப் பாதையாகிவிட்டது. முன்பு போல் வந்த வழியே திரும்ப முடியாது. மறுமுனையில் வெளியே வந்து, படிகளும் சரிவுமாகப் போட்டிருக்கும் நடைபாதையில் மேலேறிச் சுற்றி வர வேண்டும். "அப்பர் முழுக்கச் சமதளம்" என்று படித்துவிட்டு வருகிற பெரியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். நான் பதிவு செய்யும்போதே போனில் கேட்டேன், மறைக்காமல் சொன்னார்கள். அதனால் அம்மா மனதளவில் தயாராக வந்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார்கள். எங்கள் வழிகாட்டி ஒரு இளம்பெண். மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, கடைசி வரை அம்மாவோடு அதே வேகத்தில் நடந்து வந்தார். ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஒளிக்கற்றை. மேலே இருக்கும் பிளவு வழியாகச் சூரிய ஒளி தூண் மாதிரி தரைக்கு இறங்கும் காட்சி. ஏறக்குறைய மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டித்தான் தெரியும். அந்த நேரத்துக்குக் கட்டணமும் அதிகம், கூட்டமும் அதிகம். குடும்பத்தோடு போகிறவர்கள் அதைத் துரத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெளியே படி ஏறும்போது உச்சி வெயில் பெரியவர்களை வாட்டிவிடும். நாங்கள் காலையில் முதல் சுற்றுக்கே போனோம். ஒளித்தூண் இல்லை, ஆனால் நிறம் எங்கும் போய்விடவில்லை. மேலே மஞ்சள், நடுவில் செம்மண் நிறம், அடியில் ஊதா. ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தெறித்துக் கீழே இறங்க இறங்க நிறம் மாறுகிறது.

சுவரின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மெல்லிய கோடுகள் சாய்வாக அடுக்கடுக்காக ஓடும், ஓரிடத்தில் சட்டென்று திசை மாறி எதிர்ப்பக்கம் சாயும். ஜுராசிக் காலத்தில் காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகள் அவை. காற்றடித்த திசை மாறியதெல்லாம் அப்படியே பாறையில் பதிந்திருக்கிறது. அப்பா விரலால் லேசாகத் தொட்டார், விரல் நுனியில் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு மிருதுவான பாறையை வெள்ளம் எப்படி அறுத்தது என்று புரிய வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை, கடிகாரத்தைப் பற்றி. அரிசோனாவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம் இல்லை. ஆனால் நவாஹோ நிலத்தில் தள்ளுவார்கள், பக்கத்து மாநிலமான யூட்டாவிலும் தள்ளுவார்கள். பேஜ் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நம் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். கேன்யன் சுற்றுகள் பேஜ் நேரப்படிதான், அதாவது அரிசோனாவின் தலைநகர் ஃபீனிக்ஸின் நேரம். போனில் தானாக நேரம் மாறுவதை நிறுத்திவிட்டு ஃபீனிக்ஸ் என்று வைத்துவிடுங்கள்.

இரண்டு வாண்டுகளின் அம்மா:

மேலே சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் பெரியவர்கள் என்றாலே லோயர் வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். என் மாமியாருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, ஆனால் ஊரில் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகியவர். லோயரை எங்களைவிட நிதானமாக முடித்தார். வயதைப் பார்க்காமல் காலைப் பார்த்து முடிவெடுங்கள். அத்தை புடவையில்தான் வருவேன் என்றார். ஏணியில் முகத்தைப் படிப்பக்கம் வைத்துப் பின்னோக்கி இறங்க வேண்டும், புடவை காலில் சிக்கும் என்று எடுத்துச் சொல்லிச் சுடிதாருக்குச் சம்மதிக்க வைத்தோம். பிடிப்புள்ள ஷூ கட்டாயம்.

லோயர் அப்பருக்கு நேரெதிர் வடிவம், மேலே அகலம், காலடியில் குறுகல். சில இடங்களில் ஒரு பாதத்தை வைத்து எடுத்த பிறகுதான் அடுத்த பாதத்துக்கு இடம். குழந்தைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். உடம்பை வளைத்து நெளித்து நுழைந்து போய்க்கொண்டே இருந்தார்கள். பாறையில் ஒரு பெண்ணின் முகமும் காற்றில் பறக்கும் கூந்தலும் தெரியும் இடத்தை வழிகாட்டி காட்டினார். அதற்குப் பிறகு சின்னவன் ஒவ்வொரு திருப்பத்திலும் யானை, மீன், பாட்டி மூக்கு என்று தானே கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டான்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கவனிக்க: பை எதுவும் உள்ளே கொண்டுபோக முடியாது. தண்ணீர் பாட்டிலும் போனும் கையில் இருக்கலாம், அவ்வளவுதான். செல்ஃபி குச்சி, முக்காலி எதற்கும் அனுமதி இல்லை. தள்ளுவண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உள்ளே கழிப்பறை கிடையாது, நடை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளம்பும் இடத்திலேயே பிள்ளைகளை அழைத்துப் போய்விடுங்கள், "இப்போ வரலை" என்று சொன்னாலும் சரி. அப்பருக்குப் போவதானால் வண்டியில் ஏற்றுவதற்குச் சின்னப் பிள்ளைகளுக்கு கார் சீட் தேவைப்படும், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். வழிகாட்டிகளே போனை வாங்கி, நிறம் நன்றாக வரும்படி மாற்றிக் கொடுத்து, எங்கே நின்றால் என்ன தெரியும் என்றும் சொல்வார்கள். அவர்களையோ அங்கே இருக்கும் மற்ற நவாஹோ மக்களையோ படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்களுக்கு இது புனிதமான இடம். பிள்ளைகளிடம் முந்தைய நாளே "கோயிலுக்குள் நடப்பது போல நடக்கணும், சுவரில் கிறுக்கக் கூடாது, கத்தக் கூடாது" என்று சொல்லி வைத்திருந்தேன், கேட்டார்கள். முடிந்ததும் வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுப்பது வழக்கம், அதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

சாப்பாடு: பேஜில் சேஃப்வே, வால்மார்ட் கடைகள் இருக்கின்றன. நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போனோம், தயிர் அங்கே வாங்கினோம்.

ஜூலையில் போனவன்:

எங்கள் பயணத்தில் கேன்யனுக்குள் போகவே முடியவில்லை. அதையும் இங்கே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை அங்கே மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலில் இடிமழை கட்டும். நாங்கள் போய் இறங்கியபோது தலைக்கு மேல் நல்ல வெயில், தெற்கே தூரத்தில் மட்டும் கருமேகம். அன்றைய சுற்றுகள் ரத்து என்றார்கள். வரிசையில் இருந்த ஒருவர், இங்கே ஒரு துளிகூட இல்லையே என்று சத்தம் போட ஆரம்பித்தார். அந்த வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று தெற்கே கையைக் காட்டினார்.

1997 ஆகஸ்ட் 12 அன்று லோயரில் நடந்தது அதுதான். மழை பெய்தது ஓடையின் மேல்புறத்தில், பல மைல் தள்ளி. இடுக்குக்குள் வெள்ளம் சுவர் போல வந்து 11 சுற்றுலாப் பயணிகளை அடித்துக்கொண்டு போனது. அன்று உள்ளே இருந்த ஏணிகள் வெள்ளத்தில் பெயர்ந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் பாறையில் போல்ட் அடித்த இரும்பு ஏணிகள், அவசரத்துக்கு மேலிருந்து இறக்கும் வலைகள், வானிலை வானொலி, எச்சரிக்கை ஒலி எல்லாம் வந்தன. இதை என் மகளிடம் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு, அந்த அக்கா நம்மைக் காப்பாற்றத்தான் வேண்டாம்னு சொல்றாங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பணம் முழுவதும் திரும்ப வந்தது. பதிவு செய்யும்போதே ரத்து விதியைப் படித்துவிடுங்கள். மழைக்காலத்தில் போகிறவர்கள் காலை நேரத்தை எடுத்து, பேஜில் இன்னொரு நாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேகஸிலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ நாலரை மணி நேரம் ஓட்டி வந்து அன்றே திரும்புவது என்று திட்டம் போட்டால் இந்த மாதிரி நாளில் ஒன்றும் செய்ய முடியாது. அப்பர், லோயர் இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் கேன்யன் எக்ஸ் என்ற இன்னொரு இடுக்கையும் பாருங்கள், அதுவும் நவாஹோ வழிகாட்டியோடுதான், கூட்டம் குறைவு.

அன்று மிச்ச நேரத்தில் க்ளென் கேன்யன் அணையைப் பார்த்துவிட்டு, மேகம் கலைந்ததும், கொலராடோ ஆறு குதிரைலாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்குப் போனோம். அதற்கு வழிகாட்டி தேவையில்லை. வண்டி நிறுத்தக் கட்டணம் பேஜ் நகராட்சிக்கு. போய்வர ஒன்றரை மைல் நடை, நிழல் அதிகம் இல்லை. ஆற்றுக்கு மேலே சுமார் 1,000 அடி உயரத்தில் நிற்கிறோம். தடுப்புக் கம்பி ஒரு பகுதிக்குத்தான், மீதி விளிம்பு வெறும் பாறை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கம்பி இருக்கும் பக்கமே நில்லுங்கள், கையை விடாதீர்கள்.