டேஷ்கேமில் செத்த கார்டும் ஃபிளாஷ் பங்குகளும்: அனுபவங்களைப் பகிருங்கள்

ரெண்டாம்காலாண்டு

64 ஜிபி மெமரி கார்டு, இரவு பகலாக ஓடும் டேஷ்கேம் (காரில் சாலையைப் பதிவுசெய்யும் கேமரா). கோப்புகளை அழித்தால் அழிந்த மாதிரி தெரிகிறது. கழற்றி மறுபடி செருகினால் அத்தனையும் அப்படியே வந்து நிற்கின்றன! ஃபார்மட் செய்தாலும் அதே நிலைதான். தேய்ந்த பிளாக்குகளுக்கு (கார்டின் சேமிப்புத் துண்டுகள்) மாற்றாக வைத்திருந்தவை தீர்ந்ததும், கார்டை இயக்கும் கன்ட்ரோலர் சில்லு எழுதுவதை நிறுத்திவிட்டது. கேமராவோ பதிவு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. நொடிக்கு 16 மெகாபிட் என்றால் மணிக்கு 7.2 ஜிபி, நாளுக்குச் சுமார் 173 ஜிபி. தினமும் 2.7 தடவை கார்டு நிரம்புகிறது. 1000 தடவை அழித்தெழுதத் தாங்கும் என்று வைத்தாலும் ஒரு வருஷம்தான். போனில் கார்டு துளை போனதோடு ஃபிளாஷ் (கார்டுக்குள் தரவைச் சேமிக்கும் சில்லு) தொழிலும் அதன் பங்குகளும் போச்சு என்பவர்கள் இதைப் பார்க்கவேண்டும். இங்கே கார்டு என்பது தேய்ந்து தேய்ந்து திரும்ப வாங்கும் பொருள்.

பிளாக்_இரேஸ்

மேலே போட்ட கணக்கு வீடியோவுக்குச் சரி, அது வரிசையாக எழுதப்படுவது. ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினிகளில் நிலைமை வேறு. 4 கேபி பதிவு ஒன்றை மாற்றினாலும், அழிப்பது பல மெகாபைட் கொண்ட முழு பிளாக்காகத்தான் நடக்கும். எனவே நாளுக்குச் சில நூறு எம்பி மட்டுமே எழுதும் சென்சார் பெட்டியிலும் கார்டு சீக்கிரம் போகிறது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் எந்தத் தரவு எங்கே என்று கார்டு குறித்துவைக்கும் முகவரி அட்டவணையே சிதைந்து, கார்டு 0 பைட் என்று காட்டும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பதிவுகளை ரேமில் சேர்த்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எழுதுங்கள். கோப்பைப் படிக்கும்போதெல்லாம் கணினி அந்த நேரத்தைக் கார்டில் குறிப்பதை நிறுத்துங்கள். ஏ1 குறி உள்ள கார்டு எடுங்கள்: அங்கங்கே சிதறிய சின்னத் துண்டுகளை நொடிக்குக் குறைந்தது 1500 தடவை படிக்கும், 500 தடவை எழுதும் என்ற உறுதி அது. கேமராவுக்கு வி30 குறி, அதாவது நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும். புதுக் கார்டை எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் வைத்து முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பாருங்கள். போலியில் 512 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 32 ஜிபிதான் இருக்கும். 32 தாண்டியதும் பழைய கோப்புகள்மேலேயே எழுதும்.

சராசரிவிலை

தேய்மானம் எல்லாம் உண்மை. ஆனால் முதல் பதிவர் பயன்பாடு பெருகுவதையும் லாபத்தையும் ஒன்றாக்கிவிட்டார். 2023ல் என்ன ஆனது? கையிருப்பு குவிந்து, விலை சரிந்து, சில்லு தயாரிப்பாளர்கள் உற்பத்தியையே குறைத்தார்கள். காலாண்டு அறிக்கையில் நான் முதலில் தேடுவது மூன்று: விற்ற பிட்டுகளின் (மொத்த சேமிப்பு அளவின்) வளர்ச்சி, ஒரு பிட்டின் சராசரி விலை மாற்றம், கையிருப்பு நாட்கள் (இருக்கும் சரக்கு எத்தனை நாள் விற்பனைக்கு வரும் என்பது). பிட் 15 சதவீதம் ஏறி விலை 20 சதவீதம் இறங்கினால் வருமானம் 8 சதவீதம் குறைகிறது. சில்லு வாங்கிக் கார்டு கட்டி விற்கும் கம்பெனியின் கணக்கு தனி: விலை ஏறும்போது பழைய சரக்கில் லாபம், இறங்கும்போது அதே சரக்கில் அடி. ஃபிளாஷ் தயாரிப்பாளர்களில் கியோக்ஸியா 2024 டிசம்பரில் டோக்கியோ பங்குச் சந்தையில் பட்டியலானது, சான்டிஸ்க் 2025 பிப்ரவரியில் ஹார்டு டிஸ்க் கம்பெனியான வெஸ்டர்ன் டிஜிட்டலிலிருந்து பிரிந்தது. ஹார்டு டிஸ்க் கணக்கோடு கலக்காமல் ஃபிளாஷை மட்டும் பார்க்க முடிவது இப்போதுதான்.

ரெண்டாம்காலாண்டு

ஒப்புக்கொள்கிறேன், விலையை விட்டுவிட்டேன். ஆனால் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கேம் கருவியையும் பாருங்கள். அதில் கார்டில் கேம் வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புது வகைக் கார்டுதான் வேண்டும். பழைய கார்டைப் போட்டால் எடுத்த படம், வீடியோ மட்டும் நகலாகும். பழைய கார்டுகளின் யுஎச்எஸ்-1 இணைப்பில் உச்சம் நொடிக்கு 104 எம்பி, எக்ஸ்பிரஸில் 985 எம்பி வரை. கேம் வைக்கக் கையில் இருக்கும் பழைய கார்டு உதவாது, கூடுதல் இடம் வேண்டுபவர்கள் புதிதாக வாங்கியே ஆகவேண்டும்.