ஆறாயிரத்துக்கு மேலே: ரெவ் ஏறும் என்ஜின்களோடு உங்கள் அனுபவம்

மூன்றாம்கியர்:
நண்பரின் ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டினேன். முதலில் வந்த 2 லிட்டர் மாடல், எஃப்20சி என்ஜின். அதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். என்ஜின் சுற்று (ரெவ்) நிமிடத்துக்கு ஐந்தாயிரம் ஆகும் வரை சாதாரண ஹோண்டாதான். இரண்டாவது கியரில் காலை எடுக்காமல் மிதித்தேன். ஆறாயிரத்தை ஒட்டி விடெக் கேம் (வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் அமைப்பு) மாறியது, குரலே வேறாகிவிட்டது. மற்ற வண்டிகளில் கை தானாகக் கியருக்குப் போகிற நேரம் அது. இதில் மீட்டரின் ஆரஞ்சுக் கட்டங்கள் வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருந்தன, 9000 வரை இடம் இருந்தது. இப்போது எந்த டர்போ வண்டியை ஓட்டினாலும் வேகம் வந்துவிடுகிறது, காது மட்டும் எதையோ தேடுகிறது.

டார்க்பிரியன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். "சாதாரண ஹோண்டா" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள், வண்டி முக்கால்வாசி நேரம் ஓடுவது அங்கேதானே? உச்ச டார்க்கே, அதாவது என்ஜினின் முறுக்குவிசையே, 7500இல்தான் வருகிறது. முன்னால் போகிற வேனை முந்த இரண்டு கியர் இறக்க வேண்டும். தினசரிக்கு டர்போதான் சரி.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். சுரங்கப்பாதையில் ஒரு ஃபெராரி 458 என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் கியரை இறக்கி மிதித்தார். அந்த 4.5 லிட்டர் வி8இன் சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் அடித்துத் திரும்பி, ஸ்டியரிங் பிடித்திருந்த கையில் தெரிந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நேர்ஆறு:
டார்க்பிரியன், டார்க் எவ்வளவு என்பதல்ல பேச்சு. கால் கேட்டதை என்ஜின் எப்போது கொடுக்கிறது என்பதுதான். டர்போவில் புகை போய் டர்பைனைச் சுழற்றி, என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் சேர வேண்டும். நான் ஓட்டிய பிஎம்டபிள்யூ ஈ46 எம்3இல் ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி திராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு). நீண்ட வளைவின் நடுவில் காலைக் கொஞ்சம் தளர்த்தினேன், வண்டியின் மூக்கு உள்ளே வந்தது. திரும்ப மிதித்த கணமே பின்சக்கரம் தள்ளியது. இடையில் காத்திருப்பே இல்லை. லெக்சஸ் எல்எஃப்ஏவின் வி10 வெறும் 0.6 நொடியில் 9000ஐத் தொடும். முள்ளால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது என்றுதான் டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள்.

டிப்ஸ்டிக்:
நானும் ஒரு எஸ்2000 ஓட்டியிருக்கிறேன். 8000இல் கியர் மாற்றியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அது இருக்கட்டும், இதைப் படித்துவிட்டு வாங்கக் கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயம். எஃப்20சியின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே போகும் தூரம், 84 மில்லிமீட்டர். 9000இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டருக்கு மேல். இத்தனையையும் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். அதனால் குளிர்ந்த என்ஜினை விரட்டவே கூடாது. கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்தால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். ஈ46 எம்3இன் ரெவ் மீட்டரில் இதற்கென்றே விளக்குகள் உண்டு, ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். ஆரம்பகால எஸ்2000கள் ஆயில் குடிக்கும், பெட்ரோல் போடும்போதெல்லாம் அளவைப் பாருங்கள். வால்வு இடைவெளியைச் சரிபார்த்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். எம்3 என்றால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) பேரிங் மாற்றியிருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நேரான பதில் வராவிட்டால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.